ரீஃபண்டில் 15 சதவீதம் கேட்கும் ஆடிட்டர்: ரிட்டர்ன் போட்டுத் தர எவ்வளவு வாங்கலாம்?

நீங்கள் எழுதியதை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர் வேலை. 2024-25 நிதியாண்டில் மொத்தச் சம்பளம் பத்தரை லட்சம். பி.எஃப், எல்ஐசி எல்லாம் சேர்த்து 80சி பிரிவில் (சேமிப்புக்கான கழிவு) ஒன்றரை லட்சம் முழுதாக இருக்கிறது. கம்பெனியில் பழைய வரிமுறை என்று எழுதிக் கொடுத்ததால் 85,800 ரூபாய் டிடிஎஸ், அதாவது சம்பளத்திலேயே வரி, பிடித்திருக்கிறார்கள். நண்பர் சொன்ன ஒரு ஆடிட்டர் ரிட்டர்ன் போட்டார். வட்டி தவிர்த்து 41,600 ரூபாய் ரீஃபண்டு வந்தது. இப்போது அவர் அதில் 15 சதவீதம், அதாவது 6,240 ரூபாய் கேட்கிறார். சட்டப்படி ஒருவர் எவ்வளவு வாங்கலாம், கொடுக்காவிட்டால் அவரால் என்ன செய்ய முடியும், வருமான வரி போர்ட்டலின் பாஸ்வேர்டு அவரிடமே இருப்பதால் பயப்பட வேண்டுமா என்பவை உங்கள் கேள்விகள். நீங்கள் கேட்காத இன்னொரு கேள்வியும் உங்கள் எண்களுக்குள் இருக்கிறது. அந்த 41,600 எங்கிருந்து வந்தது? கட்டணத்தைப் பற்றிச் சொல்லிவிட்டு அதற்கு வருகிறேன், ஏனென்றால் எனக்கு அதுதான் பெரிய கவலையாகப் படுகிறது. நான் பட்டயக் கணக்காளர். பல வருடமாகச் சம்பளக்காரர்கள், சிறு வியாபாரிகள் கணக்குகளைப் பார்த்து வருகிறேன். அந்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

கட்டணத்துக்கு உச்சவரம்பு உண்டா? இல்லை. வருமான வரி ரிட்டர்ன் தயாரித்துத் தர இவ்வளவுதான் வாங்கலாம் என்று வருமான வரிச் சட்டம் எதுவும் சொல்லவில்லை. ஐசிஏஐ, அதாவது எங்கள் பட்டயக் கணக்காளர் நிறுவனம், நகரத்தின் அளவைப் பொறுத்து ஒரு கட்டண அட்டவணை வெளியிடுகிறது. அது பரிந்துரை மட்டும்தான். அதற்குக் கீழே வாங்கினாலும் மேலே வாங்கினாலும் குற்றமில்லை. ஆகவே ஒருவர் அதே வேலைக்கு 500 ரூபாய் வாங்குவதும் இன்னொருவர் 5,000 ரூபாய் வாங்குவதும் சட்டத்துக்கு உட்பட்டவைதான்.

அரசே தொகை நிர்ணயித்த ஒரு சிறிய ஏற்பாடு உண்டு. 2006-இல் சட்டத்தில் 139பி என்ற பிரிவைச் சேர்த்து, ‘டாக்ஸ் ரிட்டர்ன் பிரிப்பேரர்’ என்ற திட்டத்தை அந்த ஆண்டு நவம்பரில் கொண்டுவந்தார்கள். சுருக்கமாக டிஆர்பி என்பார்கள். பட்டதாரிகளுக்குப் பயிற்சி கொடுத்து, சாதாரண ஆட்களுக்கு ரிட்டர்ன் போட்டுத் தர அனுப்பும் திட்டம். வாடிக்கையாளர் செலுத்திய வரியில் முதல் வருடம் 3 சதவீதம், இரண்டாம் வருடம் 2, மூன்றாம் வருடம் 1 என்று அரசே டிஆர்பி-க்கு ஊக்கத்தொகை தரும். ஒரு ரிட்டர்னுக்கு உச்சவரம்பு 1,000 ரூபாய். அந்த ஊக்கத்தொகை 250 ரூபாய்க்குக் கீழே போனால் மட்டும், 250 வரை வரும் அளவுக்கு வாடிக்கையாளரிடம் வாங்கிக்கொள்ளலாம். இதில் ஒன்றைக் கவனியுங்கள். அரசு சதவீதம் கொடுத்தது கட்டிய வரியின் மீது. ரீஃபண்டின் மீது கொடுக்கவில்லை. ரிட்டர்ன் போடுபவருக்கு வரியைக் குறைத்துக் காட்டும் ஆசை வந்துவிடக் கூடாது என்பதை அந்தத் திட்டத்தை எழுதியவர்கள் நன்றாக யோசித்திருக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் இன்று டிஆர்பி மூலம் ரிட்டர்ன் போடுபவரைப் பார்ப்பது அபூர்வம். ஆனால் எந்தத் தொகையின் மீது சதவீதம் என்பது எவ்வளவு முக்கியம் என்று புரிந்துகொள்ள அது நல்ல உதாரணம்.

எவ்வளவு என்பதில் தலையிடாத சட்டம், எப்படி என்பதில் தலையிடுகிறது. ஆனால் அது யார் வாங்குகிறார் என்பதைப் பொறுத்தது. நம் ஊரில் ரிட்டர்ன் போட்டுக் கொடுக்கும் எல்லோரையும் ஆடிட்டர் என்றுதான் கூப்பிடுகிறோம். அவர் பட்டயக் கணக்காளராக இருக்கலாம், வழக்கறிஞராக இருக்கலாம், வருமான வரித்துறையில் பதிவுசெய்த ஐடிபி எனப்படும் வரி ஆலோசகராக இருக்கலாம், ஒரு ஆடிட்டர் ஆபீசில் சில வருடம் வேலை பார்த்துவிட்டுத் தனியாகக் கடை போட்டவராகவும் இருக்கலாம். ரிட்டர்ன் தயாரிக்க உதவுவதற்கு எந்த லைசென்ஸும் தேவையில்லை. துறை முன்னால் உங்களுக்காக ஆஜராகத்தான் 288-ஆம் பிரிவு சொல்லும் தகுதி வேண்டும்.

அவர் பட்டயக் கணக்காளர் என்றால் பதில் சந்தேகமில்லாதது. 1949-ஆம் ஆண்டின் பட்டயக் கணக்காளர் சட்டத்தில் முதல் அட்டவணை, முதல் பகுதி, 10-ஆவது கூறு: லாபத்தில் சதவீதமாகவோ, வேலையின் முடிவைப் பொறுத்தோ கட்டணம் வாங்குவது தொழில்முறைத் தவறு. வாங்குவது மட்டுமில்லை, அப்படி வாங்குகிறேன் என்று சொல்வதே தவறு. விலக்குகள் எங்கள் ஒழுங்குமுறை விதி 192-இல் இருக்கின்றன. கலைப்பு அதிகாரியாக இருப்பது, கூட்டுறவுச் சங்கத் தணிக்கை, நேர்முக வரிகளுக்காகச் சொத்து மதிப்பிடுவது, நிதி திரட்டித் தருவது, கடன் வசூல், செலவுக் குறைப்பு ஆலோசனை போன்றவை. தனிநபருக்கு ரீஃபண்டு வாங்கித் தருவது அந்தப் பட்டியலில் இல்லை. ‘வந்தால் 15 சதவீதம், வராவிட்டால் ஒன்றும் வேண்டாம்’ என்பது முடிவைப் பொறுத்த கட்டணம்தான். நீங்கள் சம்மதித்திருந்தாலும் அது அவரைக் காப்பாற்றாது. காஸ்ட் அக்கவுண்டன்டுகளுக்கும் கம்பெனி செக்ரட்டரிகளுக்கும் அவர்களுடைய சட்டங்களில் இதே மாதிரியான தடை இருக்கிறது.

வழக்கறிஞர் என்றால் கொஞ்சம் இழுபறி. பார் கவுன்சில் விதிகளில் 20-ஆவது விதி, வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசக் கூடாது, வருகிற தொகையில் பங்கு கேட்கக் கூடாது என்கிறது. அது வழக்குகளைப் பற்றிப் பேசுகிறது. ரிட்டர்ன் போடுவது வழக்கு ஆகுமா என்று ஒருவர் வாதாட இடமிருக்கிறது. என் பார்வையில், விதியின் நோக்கத்தைப் பார்த்தால் பங்கு கேட்பது தப்புத்தான். ஆனால் இதை பட்டயக் கணக்காளர் விஷயத்தைப் போல அடித்துச் சொல்ல மாட்டேன். ஐடிபி-க்குப் பதிவு வழங்குவது வருமான வரித்துறை. கட்டண அட்டவணை எதுவும் அவர்களுக்குக் கிடையாது. பதிவே இல்லாதவரைக் கேட்கவே வேண்டாம். அவரைக் கட்டுப்படுத்தும் தொழில் அமைப்பு இல்லை, ஒழுங்கு நடவடிக்கையும் இல்லை. சதவீதம் கேட்பவர்களில் பெரும்பாலோர் இந்த வகை என்பது என் அனுபவம்.

ஆகவே முதல் வேலை, அவர் யார் என்று தெரிந்துகொள்வது. பட்டயக் கணக்காளர் என்றால் ஆறு இலக்க உறுப்பினர் எண் இருக்கும். கேளுங்கள், கொடுத்தால் ஐசிஏஐ தளத்தில் சரிபார்க்கலாம். உண்மையான கணக்காளர் யாரும் இதைக் கேட்டதற்காகக் கோபப்பட மாட்டார். பெயர்ப்பலகையில் ‘ஆடிட்டர் & டாக்ஸ் கன்சல்டன்ட்’ என்று இருப்பது எதையும் நிரூபிக்காது.

சரி, நியாயமான தொகை எவ்வளவு? ஒரே கம்பெனிச் சம்பளம், ஃபார்ம் 16 (கம்பெனி தரும் சம்பள, டிடிஎஸ் சான்றிதழ்), கொஞ்சம் வங்கி வட்டி இருக்கிற ஐடிஆர்-1 படிவத்துக்கு எங்கள் மாதிரி ஊர்களில் 500 முதல் 1,500 வரை வாங்குவதைப் பார்க்கிறேன். சென்னையில் பெரிய அலுவலகங்களில் இதைவிடப் பல மடங்கு இருக்கும். வீடு விற்றது, பங்கு விற்றது என்று வந்தால் ஐடிஆர்-2. அங்கே கட்டணம் ஏறுவதில் நியாயம் இருக்கிறது. உதாரணமாக, அப்பா 1985-இல் வாங்கிய மனையை நீங்கள் இப்போது விற்றால், 2001 ஏப்ரல் 1 அன்று அதன் சந்தை மதிப்பு என்ன என்று ஆதாரத்தோடு காட்ட வேண்டும். பணவீக்கச் சரிக்கட்டல் இல்லாமல் 12.5 சதவீதம் போடுவதா, சரிக்கட்டி 20 சதவீதம் போடுவதா என்று இரண்டு வழியிலும் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். இன்னொரு உதாரணம், அமெரிக்கக் கம்பெனியின் சென்னைக் கிளையில் வேலை பார்த்து அங்கிருந்து பங்குகள் பெற்றவர்கள். அவற்றை ஒவ்வொரு தவணையாக, காலண்டர் வருடக் கணக்கில், வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் எழுத வேண்டும். விட்டுவிட்டால் 2015-ஆம் ஆண்டின் கறுப்புப் பணச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் அபராதம் வரலாம். வீடு, நிலம் தவிர்த்த மற்றவற்றின் மொத்த மதிப்பு 20 லட்சத்துக்குள் இருந்தால் 2024 அக்டோபர் முதல் அந்த அபராதத்திலிருந்து விலக்கு. ஒரு நாள் முழுக்க உட்கார வேண்டிய வேலை அது. 6,000 கேட்டால் கொடுக்கலாம். உங்களுடையது அந்த ரகம் இல்லை. ஃபார்ம் 16 கையில் இருந்தால் அரைமணி நேர வேலை.

கட்டணத்தோடு ஜிஎஸ்டி கேட்கலாமா என்றால், பதிவு செய்தவர் 18 சதவீதம் சேர்த்துத்தான் வாங்க வேண்டும். ஆண்டு வருமானம் 20 லட்சத்துக்குக் கீழே இருக்கும் சிறிய அலுவலகத்துக்குப் பதிவு கட்டாயமில்லை. ஜிஎஸ்டி என்று சொல்லிப் பணம் கேட்பவர் ஜிஎஸ்டி எண் போட்ட பில் தர வேண்டும். பில் இல்லாமல் ‘ஜிஎஸ்டி சேர்த்து’ என்று சொன்னால் கொடுக்காதீர்கள்.

இப்போது உங்கள் எண்களுக்கு வருகிறேன். காகிதமும் பேனாவும் எடுத்துக்கொண்டு கூடவே போட்டுப் பாருங்கள். பழைய முறையில் பத்தரை லட்சத்தில் நிலையான கழிவு 50,000, 80சி 1,50,000 போக மீதி எட்டரை லட்சம். முதல் இரண்டரை லட்சத்துக்கு வரியில்லை. அடுத்த இரண்டரை லட்சத்துக்கு 5 சதவீதம், 12,500. மீதி மூன்றரை லட்சத்துக்கு 20 சதவீதம், 70,000. மொத்தம் 82,500, அந்த வரியின் மேல் 4 சதவீத செஸ் சேர்த்தால் 85,800. கம்பெனி பிடித்தது இதே தொகை. ஆக, கம்பெனி சரியாகப் பிடித்திருக்கிறது.

ஒருவர் நேர்மையாக உங்களுக்கு ரீஃபண்டு வாங்கித் தர முடியுமா? முடியும். சம்பளக்காரர் ரிட்டர்ன் போடும்போது முறையை மாற்றிக்கொள்ளலாம். அந்த வருடத்தின் புதிய முறையில் 80சி போன்ற கழிவுகள் கிடையாது, வரி விகிதம் குறைவு. நிலையான கழிவு 75,000 போக 9,75,000. முதல் மூன்று லட்சத்துக்கு வரியில்லை. மூன்றிலிருந்து ஏழு லட்சம் வரை 5 சதவீதம், 20,000. மீதி 2,75,000-க்கு 10 சதவீதம், 27,500. செஸ் சேர்த்து 49,400. டிடிஎஸ் 85,800-இலிருந்து இதைக் கழித்தால் ரீஃபண்டு 36,400. ஒரு பொய்கூடச் சொல்லாமல், படிவத்தில் ஒரு தேர்வை மாற்றியதால் வருகிற பணம்.

ஆனால் உங்களுக்கு வந்தது 36,400 இல்லை, 41,600. நீங்கள் எழுதிய எண்களை வைத்து இந்தத் தொகை புதிய முறையில் வரவே வராது. பழைய முறையிலேயே இருந்து, வருமானத்தில் இன்னும் இரண்டு லட்சத்தைக் கழித்தால்தான் வரும்: ஆறரை லட்சத்துக்கு வரி 42,500, செஸ்ஸோடு 44,200, மீதி 41,600. ரூபாய் பிசகாமல் பொருந்துகிறது. யாரோ உங்கள் ரிட்டர்னில் இரண்டு லட்சம் ரூபாய்க்கு ஒரு கழிவைச் சேர்த்திருக்கிறார்கள்.

இதிலிருந்து உடனே மோசடி என்று நான் சொல்ல மாட்டேன். வீட்டுக்கடன் வட்டிக்கான உச்சவரம்பும் இரண்டு லட்சம்தான். உங்களுக்கு வீட்டுக்கடன் இருந்து, கம்பெனியில் சொல்ல மறந்து, அதை அவர் சேர்த்திருந்தால் அது உங்கள் உரிமை; அவர் நல்ல வேலை பார்த்திருக்கிறார். வாடகை வீட்டில் இருந்து வீட்டு வாடகைப் படி விலக்கு கேட்டிருக்கலாம். பெற்றோரின் மருத்துவக் காப்பீடு போன்றவையும் கொஞ்சம் சேரும். நீங்கள் இவற்றில் எதையும் எழுதவில்லை. எதற்கும் ரசீது கொடுத்ததாகவும் சொல்லவில்லை. அதனால்தான் கேட்கிறேன். உங்கள் ரிட்டர்னின் பிடிஎஃப் நகலைத் திறந்து கழிவுகள் அட்டவணையைப் பாருங்கள். 80ஜிஜிசி என்ற இடத்தில் தொகை இருந்தால் அது அரசியல் கட்சிக்கு நன்கொடை. 80ஜி அறக்கட்டளை நன்கொடை. 80இ கல்விக்கடன் வட்டி. 80டிடிபி கடும் நோய்க்கான சிகிச்சை. 80இஇபி மின்சார வண்டிக் கடன் வட்டி. நீங்கள் செய்யாத ஒன்று அங்கே எழுதியிருந்தால், 15 சதவீதம் நியாயமா என்பது இரண்டாவது பிரச்சினை ஆகிவிடும்.

இப்படி நடப்பது கற்பனை இல்லை. 2025 ஜூலை 14 அன்று நேரடி வரிகள் வாரியம் வெளியிட்ட அறிவிப்பு முழுக்க இதைப் பற்றியதுதான். போலிக் கழிவுகள் எழுதி ரீஃபண்டு வாங்கித் தந்து கமிஷன் எடுக்கும் இடைத்தரகர்களின் இடங்களில் அப்போது நாடு முழுக்கச் சோதனை நடந்தது. அதற்கு முன் தேடுதல் நடந்த மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. மேலே நான் சொன்ன பிரிவுகள் எல்லாம் அந்த அறிவிப்பில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டவை. அதற்கு முந்தைய நான்கு மாதங்களில் சுமார் 40,000 பேர் தாங்களாகவே முன்வந்து ரிட்டர்னைத் திருத்தி, 1,045 கோடி ரூபாய் அளவிலான பொய்க் கழிவுகளைத் திரும்பப் பெற்றார்கள் என்றும் அதில் இருக்கிறது. இன்னொரு விவரம் உங்கள் கவனத்துக்கு: இந்தத் தரகர்கள் மொத்தமாக ரிட்டர்ன் போடுவதற்காகவே தற்காலிக மின்னஞ்சல் முகவரிகளை உருவாக்கி, பிறகு அவற்றைக் கைவிட்டுவிடுகிறார்கள். துறை அனுப்பும் நோட்டீஸ் அந்த முகவரிக்குப் போய் யாரும் படிக்காமல் கிடக்கிறது.

நோட்டீஸ் வந்தால் மாட்டுவது ரிட்டர்ன் யார் பெயரில் இருக்கிறதோ அவர். வெரிஃபை செய்தது உங்கள் ஆதார் ஓடிபி. நீங்கள் போட்டதாகத்தான் கணக்கு. பொய்க் கழிவு தவறான தகவல் தருவதில் சேரும். 270ஏ பிரிவின்படி, தப்பிக்கப் பார்த்த வரியின் இரண்டு மடங்கு அபராதம். உங்கள் எண்களில், வாங்கிய 41,600-ஐ வட்டியோடு திருப்பிக் கொடுத்து, அதன் மேல் 80 ஆயிரம் ரூபாய் அளவுக்கு அபராதமும் கட்ட வேண்டியிருக்கும். பொய்யான ரிட்டர்ன் போடத் தூண்டியவர் மீது 278-ஆம் பிரிவில் வழக்குப் போட முடியும் என்பது உண்மைதான். அதனால் உங்கள் அபராதம் குறையாது.

நேர்மையான வழியில் 36,400 வந்திருக்கும். அவர் வழியில் 41,600. வித்தியாசம் 5,200. 15 சதவீதக் கணக்கில் அவருக்குக் கூடுதலாகக் கிடைப்பது 780 ரூபாய். புதிய முறையில் போட்டுப் பார்க்காமலேயே பழைய முறையில் கழிவை ஏற்றியிருக்கிறார் என்றால், அவருக்கு அந்த வேலையே தெரியாது என்றுதான் நினைக்கிறேன். உங்களை மாட்டிவிட்டது ஒரு பக்கம், சட்டப்படி கிடைக்க வேண்டிய பணத்தைக்கூட அவர் தேடவில்லை. இதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் இதே மாதிரி எத்தனையோ சம்பளக்காரர்கள் வருடாவருடம் வருகிறார்கள்.

ரீஃபண்டில் சதவீதம் ஏன் கூடாது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. நிலத் தரகர் விலையில் 2 சதவீதம் வாங்குகிறார். விலை ஏறினால் அவருக்கும் லாபம், ஆனால் விலையை வாங்குபவரும் விற்பவரும் கண்ணால் பார்த்துப் பேசி முடிக்கிறார்கள். ரிட்டர்னில் அந்த எண்ணை எழுதுபவரே பங்கு கேட்பவர். நீங்கள் அதைப் பார்ப்பதுகூட இல்லை. கழிவே சரியானது என்றாலும் சதவீதத்துக்கு நியாயமில்லை. புதிய முறைக்கு மாற்றி 36,400 வாங்கித் தந்திருந்தாலும், 3,640 வாங்கித் தந்திருந்தாலும், அவர் செய்த வேலை ஒன்றே. உங்கள் கம்பெனி எவ்வளவு பிடித்தது என்பதற்கு அவர் ஏன் கூலி வாங்க வேண்டும்?

கொடுக்க வேண்டுமா என்ற கேள்விக்கு வருவோம். ஒன்றுமே கொடுக்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன். சட்டப்படியான ஒரு வேலையை இலவசமாகச் செய்யும் எண்ணமில்லாமல் ஒருவர் செய்து, அதன் பலனை நாம் அனுபவித்தால், நியாயமான ஈடு கொடுக்க வேண்டும் என்று 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், பிரிவு 70, சொல்கிறது. கழிவு உண்மையானது என்றால் உங்கள் ஊரில் அந்த வேலைக்கு என்ன வாங்குகிறார்களோ, ஆயிரமோ ஆயிரத்து ஐந்நூறோ, ஜிபே-யில் அனுப்பி, ‘2024-25 ரிட்டர்ன் கட்டணம்’ என்று குறிப்பெழுதி ரசீது கேளுங்கள். கையில் பணமாகக் கொடுக்காதீர்கள். கழிவு பொய் என்றால் அந்த 70-ஆம் பிரிவில் ‘சட்டப்படியான வேலை’ என்ற சொற்கள் இருப்பதை மறக்காதீர்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் ரிட்டர்னைத் திருத்தி முடிக்கும்வரை ஒரு பைசா கொடுக்க மாட்டேன். அவர் வழக்குப் போடுவார் என்று பயப்பட வேண்டாம். சதவீதக் கட்டணத்துக்கு நீதிமன்றம் போகிறவர் முதலில் அந்த ரிட்டர்னைத்தான் அங்கே காட்ட வேண்டியிருக்கும்.

மிரட்டலில் பாதி, ‘போர்ட்டல் என் கையில் இருக்கிறது’ என்பதுதான். அதை இன்றைக்கே எடுத்துவிடலாம். வருமான வரி இணையதளத்தில் பான் எண்ணைப் போட்டு, பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்பதை அழுத்தி, ஆதார் ஓடிபி வழியாகப் புதிதாக வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே போனதும் புரொஃபைலைத் திறந்து மொபைல் எண்ணும் மின்னஞ்சலும் உங்களுடையவையா என்று பாருங்கள். பெரும்பாலும் அவருடையதாக இருக்கும். இரண்டையும் மாற்றுங்கள். பிறகு இ-ப்ரொசீடிங்ஸ் பகுதியில் ஏதாவது நோட்டீஸ் வந்திருக்கிறதா என்று பாருங்கள். போட்ட ரிட்டர்ன், ஒப்புகை, ரிட்டர்னைப் பரிசீலித்துத் துறை அனுப்பும் 143(1) அறிவிப்பு மூன்றையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ரீஃபண்டு வங்கிக் கணக்கை அவரால் மாற்றி எடுக்க முடியுமோ என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் பான் எண்ணோடு பொருந்திச் சரிபார்க்கப்பட்ட கணக்குக்குத்தான் துறை பணம் அனுப்பும். அந்தப் பயம் வேண்டாம். கையெழுத்திட்ட வெற்றுக் காசோலை ஏதாவது கொடுத்திருந்தால் மட்டும் வங்கியில் எழுதிக் கொடுத்து நிறுத்துங்கள்.

ஒரிஜினல் காகிதங்களைக் கட்டணத்துக்காகப் பிடித்து வைத்துக்கொள்ளலாமா? வழக்கறிஞர் அப்படிச் செய்ய முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டிலேயே ஆர்.டி. சக்சேனா வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. மற்றவர்கள் விஷயம் அவ்வளவு நேர்க்கோடு இல்லை, சூழ்நிலையைப் பொறுத்தது. நடைமுறையில் உங்களுக்கு அது பெரிய சிக்கலும் இல்லை. ஃபார்ம் 16-ஐக் கம்பெனி மறுபடி தரும்; உங்கள் டிடிஎஸ், வருமான விவரங்களைக் காட்டும் 26ஏஎஸ், ஏஐஎஸ் அறிக்கைகள் இரண்டும் போர்ட்டலிலேயே இருக்கின்றன.

புகார் கொடுக்க நினைத்தால், பட்டயக் கணக்காளர் மீது ஐசிஏஐ-யின் ஒழுங்கு நடவடிக்கைப் பிரிவில் படிவம் 1-இல் கொடுக்கலாம். 15 சதவீதம் கேட்ட வாட்ஸ்அப் செய்தி இருந்தால் அழிக்காதீர்கள், அதுதான் ஆதாரம். வழக்கறிஞர் என்றால் மாநில பார் கவுன்சில். நுகர்வோர் நீதிமன்றம் போகலாமா என்று இன்னொருவர் உங்கள் கேள்விக்குக் கீழே கேட்டிருக்கிறார். வழக்கறிஞர் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கணக்காளர்களைப் பற்றி அந்தத் தீர்ப்பு முடிவு சொல்லவில்லை, வாதாட இடம் இருக்கிறது. 6,000 ரூபாய்க்காக அந்த வழியில் அலைய நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். பதிவு இல்லாதவர் பொய்க் கழிவு எழுதியிருந்தால் துறையின் இணையதளத்திலேயே வரி ஏய்ப்புப் புகார் பதிவு செய்யலாம். அதற்கு முன் உங்கள் ரிட்டர்னை நீங்கள் சரிசெய்துவிட வேண்டும்; வரிசை முக்கியம்.

சரிசெய்வது எப்படி என்றால், திருத்த ரிட்டர்னுக்குக் காலம் இருந்தால் அதைப் போடுங்கள். காலம் கடந்திருந்தால் ஐடிஆர்-யூ என்ற புதுப்பித்த ரிட்டர்ன். மதிப்பீட்டு ஆண்டு (நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டு) முடிந்து 48 மாதம் வரை போடலாம் என்று 2025-இல் நீட்டித்திருக்கிறார்கள். தாமதத்துக்கேற்பக் கூடுதல் வரி 25 முதல் 70 சதவீதம் வரை ஏறும். நோட்டீஸ் வந்து விசாரணை தொடங்கிவிட்டால் இந்தக் கதவு மூடிவிடும் வாய்ப்பு அதிகம், ஆகவே தள்ளிப்போடாதீர்கள். திருத்தும்போது புதிய முறைக்கு மாற முடியுமா என்பதை உங்கள் காகிதங்களைப் பார்க்கும் ஒருவரிடம் குறிப்பாகக் கேளுங்கள். மாற முடிந்தால் நீங்கள் திருப்பிக் கட்ட வேண்டியது சுமார் 5,200 ரூபாயும் அதற்கான வட்டியும், ஐடிஆர்-யூ என்றால் அந்தக் கூடுதல் வரியும்தான். பழைய முறையிலேயே திருத்த வேண்டியிருந்தால் 41,600 முழுதும். இதை உங்கள் ரிட்டர்னைப் பார்க்காமல் என்னால் முடிவாகச் சொல்ல முடியாது.

அடுத்த வருடத்துக்கு ஒரு வார்த்தை. உங்கள் மாதிரி ஒற்றைச் சம்பளக்காரர் தானே ரிட்டர்ன் போடலாம். போர்ட்டலில் சம்பளம், டிடிஎஸ், வட்டி எல்லாம் முன்கூட்டியே நிரப்பப்பட்டு வரும், கட்டணம் எதுவும் இல்லை. இரண்டு முறையிலும் வரி எவ்வளவு என்று ஒப்பிட்டுக் காட்டும் கால்குலேட்டரும் அங்கேயே இருக்கிறது. போட்ட பிறகு 30 நாளுக்குள் இ-வெரிஃபை செய்ய மறக்காதீர்கள். வேறொருவரிடம் கொடுப்பதாக இருந்தால் வேலை தொடங்கும் முன்பே தொகையை ரூபாயில் பேசி முடித்துவிடுங்கள், நோட்டீஸ் வந்தால் பதில் எழுதுவது அதில் அடக்கமா என்றும் கேளுங்கள். சில இடங்களில் 300 ரூபாய்க்கு ரிட்டர்ன் போட்டுவிட்டு, நோட்டீஸுக்கு 3,000 கேட்பார்கள். அதுவும் சட்டப்படி தப்பில்லை, முன்னாலேயே தெரிந்தால் நல்லது. ஓடிபி சொல்வதற்கு முன் வரைவு நகலை வாங்கி, கழிவுகள் பக்கத்தை மட்டுமாவது ஒரு தடவை படித்துப் பாருங்கள்.

இப்போதைக்கு பாஸ்வேர்டை மாற்றிவிட்டு, அந்த அட்டவணையில் எந்தப் பிரிவில் எவ்வளவு எழுதியிருக்கிறது என்று இங்கே போடுங்கள். பிரிவும் தொகையும் போதும், பான் எண்ணையோ ரிட்டர்ன் நகலையோ பொதுவில் போட வேண்டாம். அதைப் பார்த்தால் எந்த வழியில் திருத்துவது என்று இன்னும் குறிப்பாகச் சொல்ல முடியும்.